கோர்டுலா சுரங்கத்தில் அடிக்காத மணி

அதிகாலை ஐந்து மணி.

வீத் ஸ்லாமாவை மேலே கொண்டுவந்தபோது அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பாறை மார்புக்குக் கீழேதான் விழுந்திருந்தது. கூண்டு லிஃப்டுக்கு வெளியே நின்ற இரவு ஷிப்ட் ஆட்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் வந்தவர் மேஸ்திரி அலோயிஸ். அவர் கையில் ரொட்டி டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பாட்டரி நன்றாக இருக்கிறது, நான் விழித்திருக்கிறேன் என்பதுதான் அந்தப் பச்சைக்குப் பொருள். விழித்திருந்தும் அது மணி அடிக்கவில்லை. அதனால்தான் வீத் ஸ்லாமா ஸ்ட்ரெச்சரில் வந்தான்.

நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைப்பாறை இடிவதற்குச் சற்று முன்னால் உள்ளுக்குள் விரிசல் விடும். அந்தச் சத்தம் மனிதக் காதுக்குச் சரியாக எட்டாது. அதைக் கேட்டு மணி அடிப்பதுதான் பெட்டியின் வேலை. பர்னோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்று செய்து கொடுத்தது. மார்ச் மாதத்திலிருந்து கோர்டுலா சுரங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெட்டி தொங்கியது. ஆட்கள் அதற்குக் கீழே நிம்மதியாக வேலை செய்தார்கள்.

ஏழரை மணிக்கு ஆஸ்ட்ராவாவிலிருந்து குற்றப்பிரிவுக் கேப்டன் லிபுஷே மஹலோவா வந்து இறங்கினாள். ஐம்பது தாண்டியவள். முழங்கால் வலி, அதைவிட மோசமான வாய். அவள் வருவதற்குள்ளேயே குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் பெட்டியைப் படைத்த ஆய்வுக்கூடத்தின் தலைவர், ஒட்டாகர் வ்ரானா. செய்தி கேட்டு விடிவதற்குள் காரில் பறந்து வந்தவர், போலீஸ் வருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டார். ஈயம் உருக்கி ஒட்டிய ஒரு சால்டர் இணைப்பு லூஸாம். சால்டர் வைத்தவள் அவருடைய டெக்னீஷியன் ரோமானா. அரசு வழக்கறிஞர் தொலைபேசியிலேயே சம்மதித்துவிட்டார். பெட்டிக்கு அரக்கு முத்திரை, ரோமானாவுக்குக் கைது உத்தரவு. மத்தியானம் கையெழுத்தாகும்.

லிபுஷேவை உறுத்தியது கைது அல்ல, அதற்கு அடுத்து நடக்கப்போவது. குற்றம் ஒரு இணைப்பில் என்றால் கெட்டது அந்த ஒரு பெட்டி மட்டும்தான். மற்றவை நல்லவை. ஆகவே இரண்டு மணி ஷிப்ட் வழக்கம்போல் இறங்கலாம். மேனேஜர் அறிவிப்பே ஒட்டிவிட்டார்.

முதலில் அலோயிஸை உட்காரவைத்தாள்.

"என்ன நடந்துச்சு, மேஸ்திரி?"

"கூரை முனகுற மாதிரி இருந்துச்சும்மா. எனக்குச் சந்தேகம். எங்க அப்பன் காலத்துலேர்ந்து வழக்கம், சந்தேகம் வந்தா கரண்ட்டை நிறுத்திருவோம். மிஷினு, பெல்ட்டு, ஃபேனு எல்லாம் ஓஞ்சாத்தானே பாறை பேசுறது கேக்கும்? நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னோம்."

"கேட்டுச்சா?"

"கேட்ட மாதிரியும் இருந்துச்சு, கேக்காத மாதிரியும் இருந்துச்சு. அண்ணாந்து பெட்டியைப் பாத்தேன். பச்சையா எரியுது, கம்முனு இருக்கு. நம்ம காதைவிட அதுக்குக் காது கூர்மைன்னு தானே சொல்லி மாட்டிவிட்டாங்க? சரிப்பா, ஒண்ணுமில்ல, போங்கன்னுட்டேன். கரண்ட்டைத் திரும்பப் போடறதுக்கு முன்னாடியே வீத் தான் முதல்ல உள்ள போனான்."

லிபுஷே குறிப்பேட்டில் பக்கத்தைத் திருப்பினாள்.

"பக்கத்துக் கிளைல?"

"அங்க மணி அடிச்சுதாம். அவங்க ஓடி வந்துட்டாங்க. அதே பெட்டிதான், அதே பாறைதான். எங்களுதுக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?"

"அவங்களும் கரண்ட்டை நிறுத்தினாங்களா?"

"இல்லம்மா. அவங்க கேபிள் வேற."

அவள் தலையாட்டிவிட்டு அவரை அனுப்பினாள்.

அடுத்து வ்ரானா. மாடி அறையில், கிழக்கு ஜன்னல் ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். செத்துப்போனவன் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றாத மனிதர், பர்னோவிலிருந்து தன் வீட்டுச் செருப்பை மறக்காமல் கொண்டுவந்து மாட்டியிருந்தார். ஆய்வுக்கூட ஆட்களே அப்படித்தான்.

"வணக்கம், இன்ஜினியர் சார்."

"டோசென்ட்," என்று அவர் திருத்தினார். பல்கலைக்கழகத்தில் பேராசிரியருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம் அது.

"மன்னிக்கணும், டோசென்ட் சார். அதுக்கு மேல ஏறினா என்ன வரும்?"

"புரொஃபசர். செப்டம்பர்ல கமிட்டி உக்காருது." சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. "கேப்டன், நேரத்தை வீணாக்க வேண்டாம். டிசைன்ல தப்பே கிடையாது. வேற பெட்டி ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். பாருங்க."

வெயில் நேராக முகத்தில் அடித்தது. லிபுஷே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். வ்ரானா பெட்டியை வெயிலிலேயே வைத்தார். பையிலிருந்து ஒரு மேசை விளக்கை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சுவரில் செருகினார். குட்டி ட்யூப் லைட் இரண்டு தடவை கண் சிமிட்டி எரிந்தது. பிறகு சின்ன டேப் ரிக்கார்டரை அழுத்தினார். இயந்திர இரைச்சல், பெட்டி சும்மா இருந்தது. பாறை விரிசல், சோளம் பொரிவதுபோல மெல்லிய படபடப்பு, பெட்டி அலறியது.

"இப்போ திருப்தியா?"

"நல்லாத்தான் கத்துது. அந்தப் பொண்ணு எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கா?"

"நாலு. கெட்டிக்காரிதான். வருத்தமா இருக்கு. ஆனா மனுஷத் தப்பு மனுஷத் தப்புதானே?"

வருத்தம் குரலில் இருந்தது, கண்ணில் இல்லை. லிபுஷேவுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. பிடிக்காததெல்லாம் சாட்சியம் ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பத்து மணி.

வ்ரானா தன் காரில் கூட்டிவந்திருந்த ரோமானாவை உடைமாற்றும் கூடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள். அழுது ஓய்ந்த முகம். மேசையில் யாரோ வைத்த கசகசா ரொட்டி தொடாமல் கிடந்தது.

"நான் லூஸா சால்டர் வைக்க மாட்டேன், கேப்டன் மேடம். என் தம்பி இந்தச் சுரங்கத்துல வேலை பாக்குறான். ரெண்டு மணி ஷிப்ட். அவன் தலைக்கு மேல தொங்கப் போற பெட்டின்னு தெரிஞ்சே நான் ஏனோதானோன்னு வைப்பேனா?"

"தம்பி பேரு?"

"டாலிபோர். தயவு பண்ணி அவனை இறங்க விடாதீங்க. என்னைப் புடிச்சு உள்ள போடுங்க, பரவால்ல. எல்லாப் பெட்டியும் ஒண்ணுதான் மேடம். ஒண்ணு செய்யலன்னா எதுவுமே செய்யாம போகலாம். யார்கிட்ட சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க."

"ஏன் செய்யலன்னு சொல்லு, நான் கேக்குறேன்."

"அதுதான் தெரியலையே!" அவள் மேசையை அறைந்தாள். "யாருக்குமே தெரியாது. இந்த சர்க்யூட்டை யாரும் வரையல. அது தானா வளர்ந்தது."

"வளர்ந்ததா? முள்ளங்கியா அது?"

ரோமானா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர் முதல்ல கண்ணை மூடிக்கிட்டு அம்பது சர்க்யூட் போடும். டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், எதை வேணா எதோட வேணா இணைக்கும். நிஜமான போர்டுல கரண்ட் விட்டு ஒவ்வொண்ணையும் சோதிக்கும். விரிசல் சத்தத்துக்கு அடிக்கணும், மிஷின் சத்தத்துக்கு அடிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் சட்டம். அம்பதும் குப்பையாத்தான் இருக்கும். அதுல கொஞ்சம் கம்மியான குப்பையை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைக் கொன்னுடும். மிச்சத்தைக் கலந்து குட்டி போட வைக்கும், அங்கங்க ஒரு இணைப்பை மாத்திவிடும். மறுபடியும் சோதனை, மறுபடியும் கொலை. ஆயிரக்கணக்கான தலைமுறை. கடைசில ஒண்ணு கச்சிதமா அடிச்சுது. எந்த இன்ஜினியரும் இப்படி வரைய மாட்டான். பாத்தா நூல்கண்டைப் பூனை கலைச்ச மாதிரி இருக்கும். எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா டோசென்ட்டே முழிப்பாரு."

"எங்க வளத்தீங்க?"

"எங்க பில்டிங் அடித்தளத்துல. ஜன்னலே கிடையாது. ராவும் பகலும் ட்யூப் லைட்டு. அதோட சோக்கு கத்துற கத்துல எனக்குத் தலைவலியே வந்துரும். ரெண்டு வருஷம் வெயிலைப் பாக்கல நான்."

"வெளில கொண்டுபோய்ச் சோதிச்சதே இல்லையா?"

"ஜூன்ல டோசென்ட் ஒண்ணை எடுத்துட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமையானா ஊரே லீவு கழிக்கக் காட்டேஜுக்கு ஓடுமே. அவரோடது காட்டுக்குள்ள, பக்கத்துலேயே கல்குவாரி. அங்க வச்சுப் பாக்கறேன்னாரு."

"என்ன ஆச்சாம்?"

"தெரியல. திங்கக்கிழமை சிடுசிடுன்னு வந்தாரு. மழை, சோதிக்க முடியலன்னாரு. நான் கிண்டல் பண்ணேன், அந்தக் காட்டேஜ்ல மெழுகுவத்தி வெளிச்சத்துல என்ன சார் தெரிஞ்சிருக்கும்னு. சிரிக்கக்கூட இல்ல. அதுக்கு முன்னாடியெல்லாம் பெட்டியைக் காட்டணும்னா என்னைத்தான் அனுப்புவாரு. அப்புறம் எங்க போனாலும் அவரேதான். பெருமைப்பட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்."

லிபுஷே எழுந்தாள். கதவருகில் நின்று, "ரொட்டியைச் சாப்பிடு," என்றாள். வேறு ஆறுதல் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

அடுத்து அவள் செய்தது வேலைக்கு உலைவைக்கும் காரியம். அரக்கு முத்திரையைப் பேனாக்கத்தியால் கீறி, செத்துப்போனவனின் தலைக்கு மேல் தொங்கிய அந்தப் பெட்டியை எடுத்தாள். வ்ரானா மேனேஜரோடு சாப்பிடப் போயிருந்தார். அவருடைய மேசையிலேயே, விளக்கு உட்பட எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க, அதை மற்றப் பெட்டியின் இடத்தில் வைத்து டேப்பை அழுத்தினாள்.

அது அலறியது. லூஸ் இணைப்பு உள்ள பெட்டி.

ஓடிப்போய் அரசு வழக்கறிஞருக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பெட்டி வேலை செய்யுது சார்! சால்டர்ல குத்தம் இல்ல!"

"முத்திரையை உடைச்சியா? லிபுஷே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? லூஸ் காண்டாக்ட்டுன்னா ஒருதரம் படும், ஒருதரம் படாது. தூக்கிட்டு வந்ததுல பட்டிருக்கும். இது எங்க வீட்டு மிக்ஸிக்கே தெரியும்."

"ஷிப்ட்டையாவது நிறுத்துங்க."

"காரணம் சொல்லு, நிறுத்தறேன். ஒரு மணிக்குக் கையெழுத்துப் போடறேன்."

போன் வைக்கப்பட்டது. லிபுஷே படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். காரணம். காரணம் தெரிந்தால் அவள் ஏன் கெஞ்சப்போகிறாள்? கீழே முற்றத்தில் இரண்டு மணி ஷிப்ட் ஆட்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து "கடவுள் துணை" என்றார்கள். அது அவர்கள் வணக்கம் சொல்லும் முறை. அவர்களில் யார் டாலிபோர் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் டாலிபோர் போலவே இருந்தார்கள். தன் இருபத்தைந்து வருடச் சர்வீஸில் இவ்வளவு கையாலாகாமல் அவள் உட்கார்ந்ததில்லை.

மறுபடியும் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். பெட்டி நல்லது. பக்கத்துக் கிளையில் அடித்தது. மாடியில் அடித்தது. வ்ரானா போகும் இடமெல்லாம் அடிக்கிறது. அந்த ஒரு நிமிடம், அந்த ஒரு இடத்தில் மட்டும் அடிக்கவில்லை. அந்த நிமிடத்தில் இல்லாதது எது?

முழங்கால் வலியை மறந்து எழுந்தாள்.

ஒன்றே முக்கால்.

உடைமாற்றும் கூடத்தில் அலமாரி கிடையாது. ஒவ்வொருவர் உடையும் ஒரு சங்கிலியில் மாட்டி உயரக் கூரைக்கு ஏற்றப்பட்டிருக்கும். சங்கிலிகள் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தன. கூரை முழுக்கக் கண்ணாடி; ஆகஸ்ட் வெயில் தரைவரை கொட்டியது. நடுவில் வ்ரானா மேசை போட்டிருந்தார். பயந்துபோன ஆட்களுக்குத் தைரியம் சொல்லும்படி மேனேஜர் கேட்டுக்கொண்டாராம். மேசைமேல் பெட்டி, டேப் ரிக்கார்டர், நீள வயர் இழுத்துச் செருகிய விளக்கு.

லிபுஷே ரோமானாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் அலோயிஸும் சுரங்க எலக்ட்ரீஷியனும்.

"டோசென்ட் சார், ஒரே ஒரு சந்தேகம். அந்த விளக்கு எதுக்கு?"

"பெட்டி எல்லாருக்கும் தெரிய வேண்டாமா?"

"மேல பாருங்க. இந்த வெயில்ல ஊசி விழுந்தாக்கூடத் தெரியும். காலைல ஜன்னல் ஓரத்துலேயும் இதே விளக்கு. எனக்குக் கண்ணு கூசுது, நீங்க என்னடான்னா லைட்டைப் போடறீங்க."

"பழக்கம்."

"ஜூன் மாசத்துலேர்ந்தா?"

வ்ரானாவின் கை விளக்கின் மேல் அப்படியே நின்றது.

லிபுஷே திரும்பி எலக்ட்ரீஷியனைப் பார்த்தாள். "இந்தக் கட்டடத்து மெயினை இறக்குங்க."

"கேப்டன், இது என்ன கூத்து?" என்றார் மேனேஜர்.

"இறக்குங்கன்னேன்!"

ஃபேன்கள் ஓய்ந்தன. விளக்கு அணைந்தது. கூடம் முன்பு போலவே பளிச்சென்று இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பாட்டரி ரிக்கார்டரை அவளே அழுத்தினாள். டேப்பில் பாறை விரிசல் விட்டது. சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடித்துக்கொண்டே போனது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. மணி அடிக்கவில்லை.

மறுபடியும் ஓட்டினாள். சத்தத்தைக் கூட்டினாள். பெட்டி கம்மென்று இருந்தது. முன்வரிசையில் நின்ற ஒருவன் தன்னையறியாமல் ஒரு அடி பின்வாங்கினான்.

"மெயினை ஏத்துங்க."

விளக்கு இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. அந்தக் கணமே பெட்டி அலறியது.

"போதும், நிறுத்துங்க!" என்று கத்தினார் வ்ரானா.

லிபுஷே டேப்பை நிறுத்தினாள். ஆட்கள் எல்லோரையும் பார்த்துப் பேசினாள்.

"இந்தப் பெட்டியோட சர்க்யூட்டை யாரும் வரையல. ட்யூப் லைட் எரியுற ரூம்ல, தானா வளர்ந்தது. லைட்டோட சோக்கு, சுவத்துல ஓடுற வயரு, இதெல்லாம் காத்துலேயே ஒரு உறுமலைப் பரப்பும். நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். வளரும்போது அந்த உறுமல் எப்பவும் கூடவே இருந்துச்சு. அதையும் ஒரு பாகமாச் சேத்துக்கிட்டுத்தான் அது அடிக்கக் கத்துக்கிச்சு. கேட்டதைச் செஞ்சுது, அதைக் குத்தம் சொல்ல முடியாது. சுரங்கத்துலேயும் லைட்டு இருக்கு, கேபிள் இருக்கு, அதனால அடிச்சுது. நேத்து ராத்திரி கரண்ட் நின்னுச்சு. உறுமல் நின்னுச்சு. பெட்டி செவிடாப் போச்சு. ரோமானா வச்ச சால்டர்ல ஒரு குத்தமும் இல்ல."

பிறகு வ்ரானாவிடம் திரும்பினாள்.

"உங்க காட்டேஜ்ல கரண்ட் கிடையாது. ஜூன்லேயே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்லேன்னா இந்த விளக்கைத் தூக்கிட்டு ஊர் ஊரா ஏன் அலையணும்? வீத் ஸ்லாமாவைக் கொன்னது பெட்டி இல்ல, டோசென்ட் சார். நீங்க."

வ்ரானாவின் உதடு உலர்ந்திருந்தது. "சரி பண்ணிருப்பேன். கமிட்டி முடிஞ்சதும், அக்டோபர்ல, இருட்டு ரூம்ல புதுசா வளக்கறதா இருந்தேன். சுரங்கத்துல எப்பவும் கரண்ட் இருக்கும்னுதான் நினைச்சேன். ஆபத்துன்னா ஓடுவாங்க, லைட்டை அணைச்சுட்டு நிப்பாங்கன்னு எனக்கு யார் சொன்னாங்க? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"கேட்டிருக்கலாமே. இதோ, இத்தனை பேர் இருக்காங்களே."

"ஜூன்ல இவங்க வழக்கம் எனக்கு..."

"ஜூனை விடுங்க. இன்னிக்கு விடியறதுக்குள்ளேயே, அலோயிஸ் சொல்லி, கரண்ட் நின்னது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அந்த நிமிஷமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சும் பெட்டியைத் தொறந்து இந்தப் பொண்ணு தலையில பழியைப் போட்டீங்க. இவங்க எல்லாரையும் அதே பெட்டிக்குக் கீழ அனுப்ப இங்க வந்து மேசை போட்டிருக்கீங்க."

வ்ரானா டேப் ரிக்கார்டரை எடுத்துப் பையில் போடப் போனார். ஆட்கள் நெருங்கி வந்தார்கள். லிபுஷே அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்று விலங்கை எடுத்தாள். மேனேஜர் சுவரிலிருந்து தன் அறிவிப்பைத் தானே கிழித்தார்.

ஒரு நெட்டைப் பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ரோமானாவைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள், சிரிப்பா அழுகையா என்று தெரியாமல். சங்கிலிகள் மறுபடி கடகடத்தன. வேலை உடைகள் காலியாகக் கூரைக்குத் திரும்பின.

கூடம் காலியானபின்னும் அலோயிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லிபுஷே பக்கத்தில் போய் அமர்ந்தாள். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று மெயினை இறக்கச் சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்காகவே இந்த வழக்கு வேறு யார் கையிலாவது போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

"அம்மா. நான் கரண்ட்டை நிறுத்தாம இருந்திருந்தா?"

அப்படியெல்லாம் யாரும் சொல்ல முடியாது மேஸ்திரி என்று ஒரு பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அன்று காலையிலிருந்து இந்த மனிதரிடம் எல்லோரும் சமாதானமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடிச்சிருக்கும்," என்றாள்.

அலோயிஸ் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"வீத் பொண்டாட்டி என்னைத்தான் கேப்பா. காலைல பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லியனுப்பிட்டேன். நானே போய்ச் சரியாச் சொல்லணும். வழியில கொண்டு விடறீங்களா?"

லிபுஷே கார் சாவியை எடுத்தாள். ஸ்லாமா வீட்டு வாசலில் அவள் இன்ஜினை அணைத்தாள். கதவை அவர்தான் தட்டினார்.